பிறந்தநாளுக்கு எந்தக் கதை: பசித்த புழுவா, ஆலிஸா, மௌக்லியா, பஞ்சதந்திரமா?

எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை தோறும் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கிறேன். அதனால் பிறந்தநாள் நெருங்கும் வீடுகளிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: "இந்த வருஷம் கதைப்புத்தகத் தீம்ல பண்ணலாம்னு இருக்கோம், எந்தக் கதை எடுக்கலாம்?" கேட்கிறவர்கள் பெரும்பாலும் நான்கு கதைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். எரிக் கார்லின் பசித்த புழு, லூயிஸ் கரோலின் ஆலிஸ், கிப்ளிங்கின் ஜங்கிள் புக், நம் பஞ்சதந்திரம்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை பேக்டிராப்பில் மட்டும் இருந்தால், கேக் வெட்டி போட்டோ எடுத்ததோடு தீம் முடிந்துபோகிறது. மிச்ச நேரம் முழுக்க குழந்தைகள் பலூனை உடைத்துக்கொண்டு ஓடுவார்கள். கதைக்குள் புகுந்து அவர்கள் செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். எந்தக் கதை அதற்கு அதிகம் இடம் கொடுக்கிறதோ அதுதான் நல்ல தேர்வு. நான்கையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

வயதுதான் முதல் கணக்கு. பிறந்தநாள் குழந்தையின் வயதை மட்டும் பார்த்தால் போதாது. வரப்போகிற குழந்தைகளில் பாதிப்பேர் எந்த வயது என்று பாருங்கள். பள்ளி நண்பர்கள் என்றால் எல்லோரும் ஒரே வயதாக இருப்பார்கள். அத்தை, சித்தி பிள்ளைகளும் அடுக்குமாடிக் குழந்தைகளும் என்றால் மூன்றிலிருந்து பத்து வரை கலந்து இருக்கும்.

அடுத்தது, வருகிற குழந்தைகளுக்குக் கதை தெரியுமா? தெரியாவிட்டால் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க முடியுமா? அதற்கு மேல் போனால் பின்வரிசை எழுந்துவிடும்.

அப்புறம் இடமும் வெயிலும். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுச் செய்யக்கூடியதா, மொட்டை மாடி வேண்டுமா, தரைத்தளப் புல்வெளி வேண்டுமா? சாப்பாடு கதையோடு சேருகிறதா என்பதும் உண்டு. கடைசியாகக் காசு: எதற்குப் போகிறது, மறுநாள் காலையில் அதில் எவ்வளவு குப்பைத்தொட்டியில் கிடக்கும்?

| | பொருந்தும் வயது | கதை சொல்ல | இடம் | காசு போகும் வழி |
|---|---|---|---|---|
| பசித்த புழு | 2 முதல் 5 | ஐந்து நிமிடம் | வீட்டு ஹால் | பழம், ரிட்டர்ன் கிஃப்டாகப் புத்தகம் |
| ஆலிஸ் | 7 முதல் 10 | ஒரு காட்சி மட்டும் | மொட்டை மாடி, பெரிய ஹால் | உடை, கோப்பை, மேசை அலங்காரம் |
| ஜங்கிள் புக் | 5 முதல் 9 | பத்து நிமிடம் | புல்வெளி, மைதானம் | டெக்கரேஷன், உடை |
| பஞ்சதந்திரம் | 3 முதல் 10 | ஒரு கதைக்கு ஐந்து நிமிடம் | எங்கும் | காசு குறைவு, உழைப்பு அதிகம் |

## பசித்த புழு

1969ல் வந்த புத்தகம். முட்டையிலிருந்து வந்த புழு திங்களன்று ஒரு ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய், புதனன்று மூன்று பிளம்ஸ், வியாழனன்று நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு என்று தின்றுகொண்டே போகும். சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் என்று பத்து வகையை உள்ளே தள்ளி வயிற்றுவலியில் படுக்கும். மறுநாள் ஒரு பச்சை இலை. பிறகு கூடு, பிறகு பட்டாம்பூச்சி. பக்கங்களில் புழு தின்ற ஓட்டைகள் நிஜமாகவே இருக்கும். இரண்டு வயதுக் குழந்தை விரலை விட்டுப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே விடாது.

கதையே ஒரு நிகழ்ச்சி நிரல் மாதிரி அமைந்திருப்பதுதான் இதன் பலம். சாப்பாட்டு மேசையின் மேல் போர்வையைத் தொங்கவிட்டால் சுரங்கம் தயார். குழந்தைகள் அதற்குள் ஊர்ந்து வரட்டும். அட்டையில் பழங்கள் வெட்டி ஓட்டை போட்டு ஷூ லேஸ் கொடுத்தால், புழு போல ஓட்டைக்குள் நுழைத்து நுழைத்து எடுப்பார்கள். லேஸின் நுனி விறைப்பாக இருப்பதால் சின்ன விரல்களுக்குக் கம்பளி நூலைவிட இது சுலபம். கடைசியில் பழைய துப்பட்டாவைத் தோளிலிருந்து காலுக்குத் தளர்வாகச் சுற்றி, பத்து வரை எண்ணி, பிரித்துவிடுங்கள். அப்படியே கையை விரித்துப் பறப்பார்கள். முகத்தை மட்டும் மூட வேண்டாம்.

சாப்பாடும் நம் சமையலறையிலேயே முடியும். மினி இட்லி மாவில் அரைத்த கொத்தமல்லி கலந்தால் பச்சை வரும். ஒரே ஒரு இட்லிக்கு மட்டும் பீட்ரூட் சாறு. பச்சை இட்லிகளை வளைத்து வளைத்து வரிசையாக வைத்து, முன்னால் சிவப்புத் தலையை வைத்தால் அச்சு அசல் அந்தப் புழு. தலைக்கு உணர்கொம்பாக இரண்டு பீன்ஸ் துண்டு போதும். ஒரு தட்டுக்கு ஒரு புழு என்று கொடுங்கள். இட்லியே தொடாத பிள்ளை வாலிலிருந்து தின்றுகொண்டு வரும்.

கதைப்படி மேசைக்கு மொத்தம் 15 பழம்தான். ஆனால் ஸ்ட்ராபெரியும் பிளம்ஸும் சீசன் இல்லாத மாதத்தில் விலை ஏறும், ருசியும் இருக்காது. கொய்யா, சப்போட்டா, மலைவாழை என்று மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை மட்டும் மாறாமல் இருக்கட்டும். புழு செய்யப் பச்சைத் திராட்சையைக் குச்சியில் கோக்கும் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழுத் திராட்சை தொண்டையில் அடைக்கக்கூடியது. நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும், குச்சி அறவே வேண்டாம்.

ரிட்டர்ன் கிஃப்டுக்கு இந்தப் புத்தகத்தையே கொடுக்க நினைத்தால் செலவு எகிறும், வெளிநாட்டுப் பதிப்பு விலை அப்படி. அதற்குப் பதிலாக என் யோசனை, கறிவேப்பிலைக் கன்று. எலுமிச்சை, கறிவேப்பிலைச் செடிகளில்தான் நம் ஊர்க் கருப்புப் பட்டாம்பூச்சி வகைகள் சில முட்டையிடுகின்றன. அந்தப் புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகும். பால்கனித் தொட்டியிலேயே அந்தக் கதை மறுபடி நடக்க வாய்ப்பு உண்டு.

இதற்கு இருக்கும் குறை: ஏழு வயதுப் பிள்ளைகள் இதைப் "பாப்பா கதை" என்று ஒதுக்கிவிடுவார்கள். அந்த வயதில் ஓரிருவர் மட்டும் வந்தால் புத்தகத்தை உரக்க வாசிக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். பாதிப்பேர் அந்த வயது என்றால் வேறு கதைக்குப் போய்விடுங்கள்.

## ஆலிஸ்

படத்தில் பார்க்க நான்கிலும் இதுதான் அழகு. அதனாலேயே பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1865ல் வந்த நூல், பன்னிரண்டு அத்தியாயம். முழுக்கதையை விழாவில் சொல்ல முடியாது, நம் குழந்தைகளில் பலருக்கு நீல கவுன் போட்ட பெண்ணைத் தெரியுமே தவிர கதை தெரியாது. கரோலின் வேடிக்கையில் பாதி ஆங்கிலச் சொல் விளையாட்டு. அது தமிழில் இறங்காது, இறக்கவும் முயல வேண்டாம். ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தேநீர் விருந்து.

அந்த விருந்தில் காலம் ஆறு மணியிலேயே நின்றுபோயிருக்கும். அதனால் எப்போதும் தேநீர் நேரம்தான். கோப்பை கழுவ நேரமில்லாததால் எல்லோரும் ஓர் இடம் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டே போவார்கள். இதை அப்படியே விளையாட்டாக்கலாம். கதையில் வரும் தொப்பிக்காரரைப் போலத் தொப்பி போட்டவர் "தள்ளு" என்று கத்தியதும் எல்லோரும் ஓர் இடம் நகர வேண்டும், முன்னால் என்ன இருக்கிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டும். மியூசிக்கல் சேர் போல யாரும் வெளியேற மாட்டார்கள், அழுகையும் இல்லை. மாலை ஆறு மணி சென்னை மொட்டை மாடிக்கும் சரியான நேரம். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி ஆறில் நிறுத்தி மாட்டிவிடுங்கள்.

நூலின் மூன்றாம் அத்தியாயத்தில் ஓர் ஓட்டப்பந்தயம் வரும். யார் எப்போது வேண்டுமானாலும் ஓடத் தொடங்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், முடிவில் எல்லோரும் ஜெயித்தவர்கள், எல்லோருக்கும் மிட்டாய். தோற்றால் முகம் சுருங்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பந்தயம் கிடைக்காது. தேநீர் விருந்தில் பதில் இல்லாத விடுகதை ஒன்றைத் தொப்பிக்காரர் கேட்பார். அந்த இடத்தில் நம் விடுகதைகளை இறக்கலாம். தாத்தா பாட்டி உள்ளே வர அதுவே வழி.

தம்பி தங்கை ஏக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு என்றால் இன்னொன்று சொல்கிறேன். இரண்டாம் நூலில் "பிறக்காத நாள்" பரிசு என்று ஒன்று வரும், வருஷத்தில் மிச்சம் 364 நாளுக்கும் அது உண்டு. அன்று பிறந்தநாள் இல்லாத எல்லோருக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கொடுத்தால் வீட்டில் பாதிச் சண்டை அடங்கும்.

மறைந்திருக்கும் செலவு முழுக்க மேசையில்தான். பூப்போட்ட கோப்பை, மேசை விரிப்பு, உயரமான கேக் தாங்கி என்று ஒவ்வொன்றாகச் சேரும். பீங்கானை மாடிக்குக் கொண்டுபோனால் உடைந்த சில்லுக்கும் ஒரு கணக்கு எழுத வேண்டும். கோப்பைகள் ஜோடி சேராமல் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் மக் எல்லாம் போதும். சின்ன பாட்டிலில் நன்னாரி சர்பத் ஊற்றி, கதையில் ஆலிஸ் குடிக்கும் பாட்டிலில் இருப்பதுபோல "என்னைக் குடி" என்று தமிழில் எழுதிக் கட்டுங்கள். உடை போட்டு வரச் சொன்னால் அந்தச் செலவு விருந்தாளி வீட்டுக்குப் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வாசலில் செய்தித்தாள் தொப்பி மடித்துக் கொடுத்தால் எல்லோரும் தொப்பிக்காரர்கள்.

## ஜங்கிள் புக்

1894ல் வந்தது, கதைக்களம் மத்தியப் பிரதேசத்தின் சியோனி காடு. டெக்கரேஷன் ஆட்களிடம் "ஜங்கிள் தீம்" எப்போதும் தயாராக இருக்கும். நேரமே இல்லாத பெற்றோருக்கு அது பெரிய வசதி. ஆனால் அவர்கள் கொண்டுவரும் செட்டில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும்தான் முன்னால் நிற்கும், அவை சியோனியில் கிடையாது. ஓநாய், கரடி, கருஞ்சிறுத்தை, புலி, மலைப்பாம்பு, யானை மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓநாய்கள் வளர்த்த சிறுவன் மௌக்லி இல்லாத காடு ஒன்றுதான் வந்து சேரும்.

கதைக்குள் விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொரு விலங்கின் மொழியிலும் நட்பு சொல்லும் அடையாளச் சொல்லை மௌக்லிக்கு பாலு என்ற கரடி கற்றுக்கொடுக்கும். அதை வைத்துக் குரல் கண்டுபிடிக்கும் விளையாட்டு, காவல் தாண்டும் விளையாட்டு எல்லாம் ஆடலாம். சாரணர் இயக்கத்தின் சிறுவர்களுக்கான குருளையர் (கப்ஸ்) பிரிவு 1916லேயே இந்தக் கதையை எடுத்துக்கொண்டதற்கு இப்படிப்பட்ட விளையாட்டுகளும் ஒரு காரணம். ஆனால் ஓட இடம் வேண்டும். அடுக்குமாடி ஹாலில் பன்னிரண்டு ஓநாய்க்குட்டிகள் என்றால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். உரோம உடைகள் செயற்கை இழை, நம் ஊர் வெக்கையில் கால்மணி நேரத்தில் கழற்றி எறிவார்கள். வாடகைக் கடையின் முன்பணம் கறை பட்டால் திரும்பாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்கள் புலி முகமூடியைப் பார்த்து அலறுவார்கள் என்பதும் நிச்சயம்.

## பஞ்சதந்திரம்

கேட்கிறவர்கள் இதைக் கடைசியாகத்தான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் தயக்கத்தோடு. "பழசா தெரியுமோ?" என்பார்கள். நான் அதிகம் சிபாரிசு செய்வது இதைத்தான்.

விஷ்ணுசர்மா பெயரில் வழங்கும் இந்தக் கதைகளைத் தாண்டவராய முதலியார் 1826லேயே தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். ஒரு நூலுக்குள் ஏராளமான சின்னச் சின்னக் கதைகள் இருப்பதால், விழாவுக்கு எது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சிங்கத்தைக் கிணற்றில் விழவைத்த முயல், கொக்கின் கழுத்தை வெட்டிய நண்டு எல்லாம் நல்ல கதைகள், ஆனால் கேக்குக்கு முன்னால் வேண்டாம். முயல் ஆமைப் பந்தயம் ஈசாப் கதை. பாட்டி வடை சுட்ட கதையும் ஈசாப்பின் காக்கை நரிக் கதைக்குத்தான் சொந்தம். கடைக்காரர் இவற்றையும் ஒரே பேனரில் அடித்துக் கொடுப்பார். ரிட்டர்ன் கிஃப்டாகப் பஞ்சதந்திரப் புத்தகம் கொடுத்தால், அந்தக் கதைகளைத் தேடும் குழந்தை ஏமாந்துபோகும்.

விழாவுக்கென்றே அமைந்தது புறாக்களும் வலையும். வேடன் தூவிய தானியத்துக்கு இறங்கிய புறாக்கள் வலையில் சிக்கும். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் வலை நகராது. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் எழும்பினால் வலையோடு பறக்கும். நேராக நண்பனான எலியிடம் போகும். எலி வலையைக் கடிக்க வரும்போது புறாக்களின் அரசன், "முதலில் என் கூட்டத்தை விடுவி, என்னைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்பான்.

இதை நடத்தத் தேவை ஒரு பழைய காட்டன் புடவை. தரையில் பொரியைத் தூவிக் குழந்தைகளை உட்கார வையுங்கள். பெரியவர்கள் இருவர் புடவையை மேலே போர்த்தட்டும். முதலில் ஆளுக்கொரு திசையில் இழுப்பார்கள், இழுக்கட்டும், அந்தக் கூச்சல்தான் கதை. பிறகு "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொன்னதும் எல்லோரும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் புடவை காற்றில் உப்பி எழும். அந்த நொடியில் எல்லாக் குழந்தைகளும் மேலே பார்ப்பார்கள். அப்படியே மூலையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா எலியிடம் நடக்க வேண்டும். அவர் கையில் கத்தரிக்கோல். ஒவ்வொரு மணிக்கட்டிலும் தளர்வாகக் கட்டிய கிரேப் பேப்பர் நாடாவை ஒவ்வொன்றாக வெட்டி விடுவிப்பார். அரசன் யார்? பிறந்தநாள் குழந்தைதான். "எனக்குக் கடைசியில தாத்தா" என்று அவள் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எல்லாமே தனக்கு முதலில் கிடைக்கிற நாளில் ஐந்து வயதுக் குழந்தை அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும், எல்லோரும் வெறுங்காலோடு இருக்கட்டும்.

சத்தம் அதிகமானால் ஆமையும் இரண்டு அன்னமும் கைகொடுக்கும். குச்சியை வாயில் கவ்விக்கொண்டு பறக்கும் ஆமை வாயைத் திறந்ததால் விழுந்த கதை. யார் அதிக நேரம் வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்ற போட்டி வைத்தால் கேக் வெட்டும் நேரத்துக்குள் வீடு அமைதியாகும்.

இதன் மறைமுகச் செலவு உழைப்பு. கடையில் ரெடிமேட் செட் கிடையாது, சார்ட் பேப்பரில் புறா வெட்ட இரண்டு மாலை போகும். கதையை உயிரோட்டமாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இல்லையென்றால் கதைசொல்லி ஒருவரைக் கூப்பிட வேண்டிவரும், அவருக்கான தொகை டெக்கரேஷனில் மிச்சமானதை எடுத்துக்கொள்ளும். அப்படிச் செலவழித்தாலும் எனக்கு அது சரியான செலவாகத்தான் படுகிறது.

## எந்தக் கதை என்றாலும் கூடவே வரும் செலவுகள்

டெக்கரேஷன் விலை கேட்கும்போது போக்குவரத்து, கழற்றி எடுத்துப்போகும் கூலி, ஹாலின் கூடுதல் மணிநேரம் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். கதாபாத்திரங்களை ஃபாண்டன்ட் எனும் சர்க்கரைப் பூச்சில் செய்த கேக் கண்ணுக்கு அழகு. ஆனால் சர்க்கரை ஈரத்தை இழுக்கும், கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பிசுபிசுத்து வேர்க்கும், குழந்தைகள் அதை உரித்து ஓரமாக வைப்பார்கள். சாதாரண கிரீம் கேக்கில் காகித உருவம் செருகினால் போதும்.

மிதக்கும் பலூனில் ஹைட்ரஜன் நிரப்பியிருக்கலாம், மெழுகுவர்த்திப் பக்கம் வந்தால் தீப்பிடிக்கும். நுரை ஸ்ப்ரேயும் அப்படித்தான். இரண்டையும் கேக் பக்கம் விடவே கூடாது. உடைந்த ரப்பர் பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், எட்டு வயதுக்குக் கீழே அது மூச்சை அடைக்கும் ஆபத்து.

ரிட்டர்ன் கிஃப்டாகப் புத்தகம் கொடுக்க நினைத்தால் நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா போன்றவர்களின் மெல்லிய தமிழ்ப் படப்புத்தகங்கள் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும்.

## அப்போ எதை எடுப்பது?

எல்லோரும் ஐந்துக்குக் கீழே, வீட்டு ஹால்: புழுதான், யோசிக்கவே வேண்டாம். மூன்றாம், நான்காம் வகுப்பு நண்பர்கள் எட்டுப் பேர், வாசிக்கிற பிள்ளைகள், மாடி இருக்கிறது: ஆலிஸ். புல்வெளி கிடைக்கிறது, வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு மாலைகூடச் சும்மா இல்லை, டெக்கரேஷன் ஆளை நம்பித்தான் ஆக வேண்டும்: ஜங்கிள் புக். சொந்தக்காரர் பிள்ளைகள் எல்லா வயதிலும் வருகிறார்கள், தாத்தா பாட்டியும் இருக்கிறார்கள்: பஞ்சதந்திரம்.

முடிவானதும் அழைப்பிதழோடு ஒரு வேலை செய்யுங்கள். கதையைத் தெரிந்துகொண்டு வரச் சொல்லி யாருக்கும் வீட்டுப்பாடம் வைக்க வேண்டாம். பாட்டியையோ அப்பாவையோ கதையைச் சொல்லவைத்து, இரண்டு மூன்று நிமிட ஒலிப்பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஆலிஸ் என்றால் தேநீர் விருந்துக் காட்சி மட்டும் போதும். விழாவுக்கு நான்கைந்து நாள் முன்னால் அனுப்பினால் சரியாக இருக்கும், ஒரு வாரத்துக்கு மேல் போனால் சின்னப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள்.